டு லெட்: படத்தில் வராத குடித்தனக்காரன்

போன மாதம் ஒரு புரோக்கர் போன் செய்தார். மேடவாக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட் உண்டு. இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், அடுத்த ஆள் பார்க்க வேண்டும். "ஃபேமிலிக்குத்தானே சார்? நான்-வெஜ் பரவாயில்லையா? வேற எதாச்சும் பாக்கணுமா சார்?" என்றார்.

அந்த "வேற எதாச்சும்" எதைக் குறிக்கிறது என்று தெரியாத ஆள் இல்லை நான். அதற்குப் பதில் சொல்லாமல், "ஃபேமிலி மட்டும் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையால் சென்னையில் எத்தனை கேட்டுகளுக்கு வெளியே நின்றிருக்கிறேன்! அன்றைக்கு இரவு செழியனின் 'டு லெட்' படத்தை மறுபடி பார்த்தேன்.

வழக்கமாக இங்கே பழைய தொண்டித் துறைமுகம், சேரர் தொண்டி வேறு பாண்டியர் தொண்டி வேறு என்கிற மாதிரி விஷயங்களைத்தான் எழுதுகிறேன். சினிமா விமர்சனம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தப் படத்தோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 2019 பிப்ரவரி 21 அன்று படம் திரைக்கு வந்தது. அந்த வாரமே தியேட்டரில் பார்த்துவிட்டு எரிச்சலோடு வெளியே வந்தேன். எல்லோரும் கொண்டாடிய படம், அதற்கு முந்தைய ஆண்டே சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிவிட்ட படம். எனக்கு மட்டும் ஏன் எரிந்தது என்று அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கதை நடப்பது 2007, சென்னை. இளங்கோ சினிமாவில் உதவி இயக்குநர். மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். வாடகை வீடு. வீட்டுக்கார அம்மா ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிடுகிறார். ஐ.டி. கம்பெனிகள் வந்து வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கும்போது இவர்கள் எதற்கு? கணவனும் மனைவியும் பைக்கில் தெருத் தெருவாக அலைகிறார்கள். எங்கே போனாலும் கேள்விகள். என்ன வேலை, என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவீங்க. சினிமா என்றால் வீடு இல்லை. கடைசியில் தன்னை ஐ.டி.காரன் என்று சொல்லிக்கொண்டு வீடு கேட்கும் நிலைக்கு இளங்கோ வந்துவிடுகிறான்.

இவ்வளவுதான் கதை. பின்னணி இசை கிடையாது. தெருச் சத்தம், ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், கதவு திறக்கிற சத்தம். செழியன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். அதனால் அந்தச் சின்ன வீட்டின் ஒவ்வொரு மூலையும் நமக்குப் பழகிவிடுகிறது. சந்தோஷ் ஸ்ரீராமும் ஷீலாவும் நடிப்பது மாதிரியே தெரியாது. வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் இவர்கள் குடியிருக்கும்போதே உள்ளே வந்து கதவு, அலமாரி, பாத்ரூம் என்று திறந்து பார்க்கிற அவமானம் அப்படியே பதிவாகியிருக்கிறது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் தெரியும். துவைத்துப் போட்ட துணியை அவசரமாக அள்ளி உள்ளே போடுவோமே, அது.

தமிழில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. அதிலும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்தான் எல்லாம் தொடங்கும். ஆனால் அதில் சுதாவுக்குத் தாத்தாவின் நிலம் என்று ஒன்று இருந்தது. கட்டிப் பார்ப்போம் என்று இறங்க முடிந்தது. இருபது வருஷம் கழித்து, 2007-இல் இளங்கோவுக்கு அந்த நினைப்பே வருவதில்லை. ஒரு நல்ல வாடகை வீடு கிடைத்தால் போதும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நடுத்தர வர்க்கத்தின் ஆசை எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும்.

இவ்வளவும் படத்தின் பலம். இனி என் எரிச்சல்.

2007-இல் எனக்கு இருபத்தைந்து வயது. பி.இ. முடித்து, ஒரு கம்பெனியில் இரண்டு வருஷ அனுபவம். அந்த வருஷம்தான் வேளச்சேரியில் வீடு தேடினோம். நாங்கள் நாலு பேர். அதில் ஒருவன் தொண்டியில் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். தரமணி டைடல் பார்க் 2000-இல் திறந்தது, அதன் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டிடங்கள். 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்துவிட்டது. தண்டீஸ்வரம், விஜயநகர், புவனேஸ்வரி நகர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் எங்கள் வயசு ஆட்கள்தான். காலையில் கழுத்தில் பட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். இரவு பதினொரு மணிக்கும் முட்டை தோசை போடும் தள்ளுவண்டி. முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். கிழவர் கிழவிகளைப் பார்த்தால் அது வீட்டுக்காரர் வீடு என்று அர்த்தம்.

கணக்கு இப்படித்தான் வேலை செய்தது. நாங்கள் பிடித்த வீட்டில் எங்களுக்கு முன் இருந்த குடும்பம் கொடுத்த வாடகை 5,500. நாங்கள் ஒத்துக்கொண்டது 10,000. தலைக்கு 2,500. எங்கள் ஒருவன் சம்பளத்தை மட்டும் பார்த்தால் நாங்கள் ஒன்றும் பணக்காரர்கள் இல்லை. வீட்டுக்கு அனுப்ப வேண்டும், படிப்புக் கடன் கட்ட வேண்டும். ஆனால் நாலு சம்பளம் சேர்ந்து ஒரு வீட்டைக் கேட்கும்போது, ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் எப்படி நிற்க முடியும்? அந்தக் குடும்பத்தலைவர் பேங்கில் கிளார்க்காக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

படம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. 'ஐ.டி.காரன் வந்தான், காசைக் கொட்டினான், எங்களை விரட்டினான்' என்ற அளவில் விட்டுவிடுகிறது. படம் முழுக்க ஐ.டி.காரன் என்பது ஒரு சொல், ஒரு மிரட்டல். ஒரு முகமாக அவன் நம் மனசில் பதிவதே இல்லை. அவன் எங்கே சாப்பிடுகிறான், அவனுக்கு வீடு எளிதாகக் கிடைத்ததா, அவனிடம் என்ன கேட்டார்கள் என்று படத்துக்கு அக்கறை இல்லை. தியேட்டரில் எனக்கு எரிந்தது இதனால்தான். அந்த வராத ஆள் நான்.

ஆனால் 2019-இல் நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுதுவது நேர்மையில்லை.

அந்த வேளச்சேரி வீடு நாங்கள் பார்த்த பதினேழாவது வீடோ பதினெட்டாவது வீடோ. "பேச்சலருக்கு இல்ல" என்று பலகையிலேயே எழுதியிருந்தவை பாதி. மீதியில் பெயர் கேட்டவுடன் முடிந்தவை சில. என் நண்பன் முஸ்லிம். அவன் பெயரைச் சொன்னதும் "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். ஓனரே எதிரில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னதும் உண்டு. அதனால் கடைசி வீட்டைப் பார்க்க நான் மட்டும் போனேன். ஐயா நல்ல மனுஷர்தான், ரிட்டயர்டு. மோர் கொடுத்தார். "சொந்த ஊர் எது தம்பி?"

"தொண்டிங்க சார்."

"ராம்நாடு சைடா?" ஒரு நிமிஷம் யோசித்தார். "நீங்க பாயா?"

"இல்ல சார், இல்ல சார்."

இரண்டு தடவை சொன்னேன். அவ்வளவு அவசரம். பிறகு என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்டார், அதற்கும் பதில் சொன்னேன். வீடு கிடைத்துவிட்டது. பத்து மாத அட்வான்ஸ், பதினொரு மாத அக்ரிமென்ட், என் பெயரில். கூட இருக்கும் மூன்று பேரில் இரண்டு பேர் பெயரைத்தான் கொடுத்தேன்.

ரூமுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நண்பன் சிரித்தான். "அப்ப நம்ம வீட்டுல நான் விருந்தாளியா மாப்ளே? நல்லதாப் போச்சு, மூணு வேளையும் நீதான் சோறு போடணும்." வாடகையில் அவன் பங்கை மாதா மாதம் முதல் ஆளாகக் கொடுத்தான். ஐயா மேலே இருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டால் உள் ரூமுக்குப் போய்விடுவான். ஐயா பார்த்துவிட்ட நாட்களில், "ஃபிரண்டு சார், ஊர்லேருந்து வந்திருக்கான்" என்பேன். இப்படி இரண்டு வருஷம். ஐயாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதை நம்பி நாங்கள் ஒரு நாளும் உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு தடவை அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஊரிலிருந்து அழைத்து வந்தான். எங்கள் வீட்டில் தங்க வைக்கவில்லை. மண்ணடியில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் வைத்திருந்தான். தினமும் வேளச்சேரியிலிருந்து மண்ணடி போய் வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தொண்டியில் அந்த அம்மா கையால் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை.

படத்தைத் திரும்பப் பார்க்கும்போது இளங்கோ ஐ.டி.காரன் என்று பொய் சொல்லும் இடத்தில் என்னால் நேராக உட்கார முடியவில்லை. அவனுக்கு வீடு தராத அதே கேள்விகள்தான் எனக்கு வீடு தந்தன. நான் சரியான விடைகளை வைத்திருந்தேன், இல்லாத இடத்தில் மறைத்தேன். ஆக, படத்தின் நியாயம் நான் 2019-இல் நினைத்ததைவிடப் பெரியது. அதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வாடகை ஏறுவது ஒரு விஷயம். கேள்வி கேட்கும் அதிகாரம் வேறு விஷயம். படம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, மூட்டையை ஐ.டி. மேல் வைத்துவிடுகிறது. ஐ.டி. வருவதற்கு முன்பும் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி மெட்ராஸில் இருந்ததுதானே. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பிரம்மச்சாரிகளால் நிரம்பி வழிந்ததற்கு, மற்ற தெருக்கள் அவர்களுக்குக் கதவைச் சாத்தியதும் ஒரு காரணம்.

இதை நான் பிரித்துப் பார்க்கக் கற்றது இங்கிலாந்தில். 2011-இல் ஆன்சைட் வேலையாக லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தில் எல்லோரும் சொன்னதால் ஹெடிங்லியில் வீடு பார்த்தோம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். 2002-இல் டிராவிட், டெண்டுல்கர், கங்குலி மூன்று பேரும் சதம் அடித்து இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்ற மைதானம் அங்கேதான். மைதானத்தைச் சுற்றிச் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நூறு வருஷத்துக்கு முன் குடும்பங்களுக்காகக் கட்டியவை. இப்போது அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள், எங்களைப் போன்ற இளவட்டங்கள். எல்லாம் வாடகை. சனிக்கிழமையானால் ஓட்லி ரோடு முழுக்க விதவிதமான வேஷம் கட்டிய கூட்டம் பப் பப்பாக ஏறி இறங்கிக்கொண்டு போகும்.

போன முதல் வாரமே எனக்கு வேளச்சேரி ஞாபகம் வந்துவிட்டது. அதே கணக்கு. ஐந்து மாணவர்கள் ஆளுக்கு ஒரு அறை வாடகை கொடுத்தால், அந்த மொத்தத் தொகையை ஒரு குடும்பம் கொடுக்க முடியாது. வீடு விலைக்கு வந்தால் முதலீட்டாளர் வாங்கி, ஹாலையும் ஒரு படுக்கையறையாக மாற்றி, வாடகைக்கு விடுவார். டேரன் ஸ்மித் என்ற ஆய்வாளர் இதற்கு 'ஸ்டூடென்டிஃபிகேஷன்' என்று பெயரே வைத்தார். 'மாணவர்மயமாதல்' என்று சொல்லலாம். அங்கே சாஃப்ட்வேர்காரன் இல்லை, பெரிய சம்பளம் இல்லை, மாணவர்கள்தான். ஆனாலும் குடும்பங்கள் வெளியேறின. ஆகவே காரணம் தொழிலில் இல்லை. பல பேர் சேர்ந்து ஒரு கூரையை ஏலம் எடுக்கும்போது, ஒருவர் சம்பாத்தியத்தில் வாழும் வீடு தோற்கும். வேளச்சேரியானாலும் ஹெடிங்லியானாலும் இதுதான்.

குழந்தைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? ஹெடிங்லி ஆரம்பப் பள்ளி மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை, சேர்ந்து போராடி அந்தக் கட்டிடத்தைச் சமுதாய மையமாக்கினார்கள். 'ஹார்ட்' என்று பெயர். நான் போன 2011-இல்தான் அது திறந்தது. அங்கே டீ குடிக்கப் போவேன். சின்னப் பிள்ளைகள் படித்த அறையில் இருந்து குடிக்கிறோம் என்பது ஒரு மாதிரியாக இருக்கும்.

இன்னொன்று. அந்தப் பகுதியில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் 'டு லெட்' பலகை. குறும்புக்காரப் பையன்கள் அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு ஐ எழுத்தைச் சேர்த்து 'டாய்லெட்' ஆக்குவார்கள். நம்மூர்ப் பழைய ஜோக் அங்கேயும் அதேதான்! பலகைகள் தெருவையே அசிங்கமாக்குகின்றன என்று குடியிருப்போர் புகார் சொல்லி, லீட்ஸ் நகராட்சி அந்தப் பலகைகளுக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. செழியன் படத்துக்கு வைத்த தலைப்பு அங்கே ஒரு நிர்வாகப் பிரச்சினை.

ஹெடிங்லியில் எங்களிடம் யாரும் ஊர் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, என்ன சமைப்போம் என்று கேட்கவில்லை. ஏஜென்ட் கேட்டது சம்பளச் சீட்டும் பழைய வீட்டுக்காரரின் கடிதமும். அங்கேயும் ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று ஜன்னலில் எழுதி வைத்திருந்தார்கள். 1965-இல் வந்த முதல் இனப்பாகுபாட்டுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை. 1968-இல்தான் அதையும் சேர்த்தார்கள். மனசு மாறியதோ இல்லையோ, பலகை இறங்கியது. 2016-லிருந்து வாடகைக்கு விடுகிறவர் குடியேற்ற ஆவணங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று இங்கிலாந்து முழுக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆக, கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கேட்காமல் இருப்பதற்கும் இன்னொரு முகம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். அந்த வரிசையில் சொந்த வீட்டில் இருந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான். குடி போன மறுநாள் நான் என் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, கோபித்துக்கொள்ளாதே, நான் பெயர் ஞாபகம் வைப்பதை விட்டுவிட்டேன், ஜூலை வந்தால் எல்லோரும் மாறிவிடுவீர்கள் என்றார். உண்மைதான். அங்கே மாணவர் வீடுகளின் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஜூலை ஒன்றாம் தேதி தொடங்கும். ஜூன் கடைசியில் தெரு ஓரம் முழுக்க மெத்தை, நாற்காலி, வாணலி.

வேளச்சேரியில் பெயர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஹெடிங்லியில் கதவு திறந்திருந்தது, பெயர் கேட்க ஆள் இல்லை. எனக்கு இரண்டாவதுதான் மேல். அதில் சந்தேகம் இல்லை, என் நண்பனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் அந்த அம்மாளின் இழப்பும் ஒரு இழப்பு. வருஷா வருஷம் மாறும் இளவட்டங்களுக்கு நடுவே அவர் தன் சொந்த வீட்டிலேயே வெளியூர்க்காரர் மாதிரி ஆகிவிட்டார். 'டு லெட்' போன்ற ஒரு படம் இந்தப் பக்கத்தையும் எட்டிப் பார்த்திருக்கலாம். வீட்டுக்கார அம்மாவாக ஆதிரா பாண்டிலட்சுமி பிரமாதமாகச் செய்திருக்கிறார். ஆனால் அவர் பாத்திரம் கடுமையான குரலாகவே நின்றுவிடுகிறது. அவருக்கு என்ன பயம், வாடகை அவருக்கு எதற்கு என்று நமக்குத் தெரிவதில்லை. வீட்டுக்காரர் வில்லி, வரப்போகிறவன் வில்லன், நடுவில் நல்லவர்கள் மூன்று பேர் என்று ஆகும்போது, பார்ப்பவன் அழுதுவிட்டு எழுந்து போய்விடலாம். தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு வீட்டுக்குப் போய் "ஃபேமிலி மட்டும்" என்று போனில் சொல்லலாம். நான் சொன்னேன் அல்லவா.

சட்டப் பக்கம் ஒரு தற்செயல். படம் திரைக்கு வந்த மறுநாள், 2019 பிப்ரவரி 22 அன்று, தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரு தரப்பும் வேறாக எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் நம்மூரில் பதினொரு மாத அக்ரிமென்ட் என்ற தந்திரமே பிறந்தது. அந்தச் சந்து ஓரளவு அடைபட்டது.

இளங்கோவுக்கு இந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தால் கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போடுவது வீடு கிடைத்த பிறகுதானே? கிடைப்பதற்கு முன் கேட்கப்படும் அந்தக் கேள்விகளை இந்தச் சட்டம் தொடவில்லை. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் எல்லாம் சொல்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டும் என்று விதி வைத்துக்கொள்வது செல்லும் என்றே சொன்னது. ஆகவே என் வேளச்சேரி ஐயா சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினையே.

வேளச்சேரி வீட்டைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. தரைத்தள வீடு. ஹாலில் ஒரு மங்கலான கோடு சுவரைச் சுற்றி ஓடும். 2005 மழையில் வெள்ளம் நின்ற மட்டம். ஐயா வெள்ளை அடித்தும் அது போகவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, உள் ரூம் நிலைக்கட்டையில், பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. முன்பு இருந்த குடும்பத்தின் குழந்தை வளர்ந்த அளவு. கடைசிக் கோடு நாங்கள் குடி வருவதற்கு இரண்டு மாதம் முந்தையது. இளங்கோ வீட்டுச் சுவரில் சித்தார்த்தின் கிறுக்கல்களைப் பார்த்தபோது எனக்கு அந்த நிலைக்கட்டைதான் ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பம் எங்கே போனது என்று நான் விசாரித்ததே இல்லை. பெருங்களத்தூரோ, கூடுவாஞ்சேரியோ. ஆபீஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் தூரம் போயிருக்கும்.

கொச்சியில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 85 மதுரை வழியாக வந்து எங்கள் ஊர்க் கடற்கரையில் முடிகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், நல்ல நல்ல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையில், வளைகுடாவில், சிங்கப்பூரில். வாசலில் வேம்பு இலை கொட்டிக் கிடக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் எங்கோ ஒரு கேட்டுக்கு வெளியே நின்று "தொண்டிங்க சார்" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதை எழுதுவதற்கு முன் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது ஊரிலிருந்தே வேலை பார்க்கிறான். படம் பார்த்திருந்தான். மண்ணடி விஷயத்தை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுது மாப்ளே. படத்துல அந்தாளு ஒரு பொய் சொல்றதுக்கே அவ்வளவு கூசுறான். நாம ரெண்டு வருஷம் தினமும் சொன்னோம்" என்றான். 'நாம' என்றான். சொன்னது நான்தான். அவன் சொன்னதில்லை.

புரோக்கரிடம் மறுபடி பேசினேன். "அண்ணே, மாச வாடகை ஒழுங்காக் கொடுக்கிற ஆளா மட்டும் பாருங்க. பேச்சலர், ஃபேமிலி, யாரா இருந்தாலும் சரி. வேற எதுவும் கேக்க வேண்டாம்." அவர் நம்பாமல், "அசோசியேஷன்ல எதாச்சும் சொல்லுவாங்களே சார்?" என்றார். சொல்லுவார்கள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம் இருக்கிறது. போக வேண்டும்.